விற்ற பங்கின் அடக்கவிலை ஃபார்ம் 12பிஏ-வில் இருக்கிறது

சென்னை சோழிங்கநல்லூரில் உள்ள ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பணிபுரியும் வாசகி ஒருவர் 2025 டிசம்பரில் எழுதியிருந்தார்:

"எங்கள் நிறுவனத்தின் தாய் நிறுவனம் அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தையில் பட்டியலிடப்பட்டது. 2022 மார்ச், 2024 மார்ச், 2025 மார்ச் ஆகிய மூன்று முறையும் எனக்கு 60 ஆர்எஸ்யூ பங்குகள் (சம்பளத்தின் பகுதியாக நிறுவனம் ஊழியருக்குத் தரும் பங்குகள்) வீதம் வெஸ்ட் ஆயின, அதாவது என் பெயருக்கு வந்தன. ஒவ்வொரு முறையும் வரிக்காக 20 பங்குகளை நிறுவனமே அன்றைக்கே விற்றுவிட்டு, 40 பங்குகளைப் புரோக்கர் கணக்கில் சேர்த்தது. 2024 நவம்பர் 18 அன்று, கையிலிருந்த 80-இல் 60 பங்குகளைத் தலா 140 டாலருக்கு விற்றேன். என் வங்கிக் கணக்குக்கு ₹7,01,400 வந்தது. டிடிஎஸ் ஏற்கெனவே பிடித்தாயிற்று, விற்றதைக் காட்ட வேண்டியதில்லை என்று ஒரு நண்பர் சொன்னதால், கடந்த செப்டம்பரில் ஐடிஆர்-1 படிவத்தில் சம்பளத்தை மட்டும் காட்டி ரிட்டர்ன் தாக்கல் செய்தேன். இப்போது வெளிநாட்டுச் சொத்து குறித்து வருமான வரித் துறையிடமிருந்து குறுஞ்செய்தி வந்திருக்கிறது. இன்னொரு நண்பர், வந்த ஏழு லட்சத்தையும் 'இதர வருமானம்' என்று காட்டிவிடு என்கிறார். நான் என்ன செய்ய வேண்டும்? கறுப்புப் பணச் சட்டத்தில் பத்து லட்ச ரூபாய் அபராதம் உண்டு என்று கேள்விப்பட்டதிலிருந்து தூக்கமே இல்லை."

அன்புள்ள வாசகிக்கு,

இரண்டு நண்பர்கள் சொன்னதும் தவறு. முதலாமவர் பேச்சைக் கேட்டால் கட்ட வேண்டிய வரியைக் கட்டாமல் விடுவீர்கள். இரண்டாமவர் பேச்சைக் கேட்டால் ஒரே பணத்துக்கு இரண்டு முறை வரி கட்டுவீர்கள். உங்களுக்கு 2025 டிசம்பர் 31 வரை அவகாசம் இருக்கிறது என்பதால் அச்சப்படத் தேவையில்லை. ஆனால் இந்த வாரமே வேலையைத் தொடங்கிவிடுங்கள், ஏனென்றால் காகிதங்களைத் திரட்டுவதற்குத்தான் இதில் அதிக நேரம் பிடிக்கும்.

ஆர்எஸ்யூ பங்கில் வரி விதிக்கப்படும் தருணங்கள் இரண்டு. பங்கு வெஸ்ட் ஆகி உங்கள் பெயருக்கு வரும் நாளில், அதன் அன்றைய சந்தை மதிப்பு முழுவதும் உங்கள் சம்பளத்தின் ஒரு பகுதியாக, பெர்க்விசிட் (சம்பளத்தோடு கிடைக்கும் சலுகை) என்ற தலைப்பில் சேர்கிறது. நிறுவனம் 20 பங்குகளை விற்றுக் கட்டியது அந்த வரியைத்தான். அதன் பிறகு அந்தப் பங்கு உங்கள் சொந்த முதலீடு. அதை என்றைக்கு விற்றாலும், வெஸ்ட் ஆன நாளின் மதிப்புக்கு மேல் கிடைத்த தொகை மூலதன ஆதாயம். அந்த ஆதாயத்துக்கு உங்கள் நிறுவனம் டிடிஎஸ் பிடிக்காது, அமெரிக்கப் புரோக்கரும் பிடிக்க மாட்டார்; நீங்களேதான் கணக்கிட்டுக் கட்ட வேண்டும்.

ஆகவே எல்லாம் அடக்கவிலையில் வந்து நிற்கிறது. பங்குக்கு நீங்கள் கையிலிருந்து பணம் எதுவும் கொடுக்கவில்லை என்பதால் அடக்கவிலை பூஜ்யம் என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். இரண்டாவது நண்பரின் யோசனைக்கு அடிப்படையும் அதுதான். 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 49(2ஏஏ) பிரிவு இதைத் தெளிவாகவே சொல்கிறது: பெர்க்விசிட் கணக்கிட எந்தச் சந்தை மதிப்பு எடுத்துக்கொள்ளப்பட்டதோ, அதுவே அந்தப் பங்கின் அடக்கவிலை. அந்த மதிப்பைச் சம்பளமாகக் கருதி உங்களிடம் ஒருமுறை வரி வாங்கிவிட்டார்கள். மறுபடி அதை ஆதாயம் என்று சொல்ல முடியாது. என்னிடம் சில ஆண்டுகளுக்கு முன் வந்த ஒருவர், நான்கு ஆண்டுகள் தொடர்ந்து விற்பனைத் தொகை முழுவதையும் வருமானமாகக் காட்டி முப்பது சதவீத வரி கட்டியிருந்தார். சட்டத்துக்குப் பயந்து நேர்மையாக நடந்துகொண்ட ஒரு மனிதர் அத்தனை பணத்தை வீணாகக் கட்டியிருந்ததையும், அதில் பெரும்பகுதிக்குத் திருத்தம் செய்யும் காலக்கெடு கடந்துவிட்டதையும் அவரிடம் சொல்ல வேண்டியிருந்தது இன்னும் என் மனத்தை உறுத்துகிறது. உங்களுக்கு அந்த நிலை வரக் கூடாது என்பதால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

அந்த அடக்கவிலையை எங்கே பார்ப்பது? நிறுவனம் தரும் டிடிஎஸ் சான்றிதழான ஃபார்ம் 16-உடன் ஃபார்ம் 12பிஏ என்று ஒரு தாள் இணைக்கப்பட்டிருக்கும். பெரும்பாலானோர் அதைப் புரட்டிக்கூடப் பார்ப்பதில்லை. வீடு, கார், வட்டியில்லாக் கடன் என்று வரிசையாகப் போகும் அந்த அட்டவணையின் பின்பகுதியில் பங்குத் திட்டத்துக்கென ஒரு வரி உண்டு; அந்த ஆண்டு வெஸ்ட் ஆன பங்குகளின் மொத்த ரூபாய் மதிப்பு அங்கே இருக்கும். ஒரே ஆண்டில் பல முறை வெஸ்ட் ஆகியிருந்தால் அந்த மொத்தத்தைப் பிரித்துக் காட்டும் கணக்குத் தாளை நிறுவனத்தின் சம்பளப் பிரிவில் கேட்டு வாங்க வேண்டும். உங்களுக்கு ஆண்டுக்கு ஒரு முறைதான் என்பதால் அந்தச் சிரமம் இல்லை. நீங்கள் அனுப்பிய விவரப்படி 2022-இல் 60 பங்குகளுக்கு ₹4,50,000, அதாவது பங்கு ஒன்றுக்கு ₹7,500. அன்றைய விலை 100 டாலர். 2024-இல் ₹6,39,600, அதாவது ஒன்றுக்கு ₹10,660. அன்றைய விலை 130 டாலர்.

இனி விற்பனை விலை. வங்கிக்கு வந்த ₹7,01,400 என்பதை மறந்துவிடுங்கள். அது பணத்தை நீங்கள் இந்தியாவுக்கு அனுப்பிய நாளில் வங்கி கொடுத்த விகிதம். அதிலிருந்து அனுப்பும் கட்டணமும் கழிந்திருக்கிறது. வருமான வரி விதி 115 வேறொரு விகிதத்தைக் கேட்கிறது: பங்கு விற்ற மாதத்துக்கு முந்தைய மாதத்தின் கடைசி நாளில், பாரத ஸ்டேட் வங்கியின் டிடி வாங்கும் விகிதம் (டெலிகிராஃபிக் டிரான்ஸ்ஃபர்; வங்கி வழியாக வரும் டாலரை வாங்க வங்கி தரும் விலை, டிமாண்ட் டிராஃப்ட் அல்ல). நீங்கள் விற்றது நவம்பரில் என்பதால் 2024 அக்டோபர் 31-ஆம் தேதி விகிதம் வேண்டும். அன்று தீபாவளி, அந்தத் தேதிக்கு வங்கியின் பட்டியல் கிடைக்கவில்லை என்றால் அதற்கு முந்தைய வேலைநாளின் விகிதத்தை எடுத்து, அந்தப் பட்டியலின் நகலைக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். இங்கே கணக்கு எளிதாக இருக்க ₹83 என்று வைத்துக்கொள்கிறேன். 140 டாலர் என்பது ₹11,620 ஆகிறது.

80 பங்குகளில் எந்த 60-ஐ விற்றீர்கள் என்பதும் முக்கியம். உங்கள் புரோக்கர் அறிக்கையில் விற்பனைக்கு எதிரே பங்கு கிடைத்த தேதி அச்சாகியிருக்கிறது: 2022 மார்ச்சில் வந்த 40, 2024 மார்ச்சில் வந்த 20. முதலில் வந்தது முதலில் போயிருக்கிறது. இந்த இரண்டு பகுதிகளுக்கும் வரி ஒரே மாதிரி அல்ல. வெளிநாட்டுச் சந்தையில் பட்டியலிடப்பட்ட பங்கை நம் சட்டம் பட்டியலிடப்படாத பங்காகவே பார்க்கிறது; ஆகவே 24 மாதங்களுக்கு மேல் வைத்திருந்து விற்றால்தான் அது நீண்டகால ஆதாயம். மும்பைச் சந்தைப் பங்குகளுக்கு 12 மாதம் என்று இருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். அந்தப் பங்குகளுக்கு ஆண்டுக்கு ₹1,25,000 வரை கிடைக்கும் விலக்கும் இவற்றுக்குக் கிடையாது. காலம் எண்ண வேண்டியது பங்கு உங்களுக்கு ஒதுக்கப்பட்ட நாளிலிருந்துதான். ஆர்எஸ்யூ தருவதாக நிறுவனம் கடிதம் கொடுத்த நாளிலிருந்து அல்ல.

உங்கள் 40 பங்குகளும் 32 மாதம் இருந்தவை. ஒவ்வொன்றிலும் ஆதாயம் ₹11,620 கழித்தல் ₹7,500, ஆக ₹4,120, மொத்தம் ₹1,64,800. 2024 ஜூலை 23-க்குப் பிறகு நடந்த விற்பனை என்பதால் பணவீக்கச் சீரமைப்பு இன்றி 12.5 சதவீதம், அதாவது ₹20,600. மற்ற 20 பங்குகள் எட்டு மாதம் மட்டுமே இருந்தவை. ஒன்றுக்கு ₹960 வீதம் ₹19,200 குறுகியகால ஆதாயம். இது உங்கள் சம்பளத்தோடு சேர்ந்து உங்களுக்குரிய முப்பது சதவீத விகிதத்தில் ₹5,760 ஆகும். இரண்டையும் கூட்டி நான்கு சதவீத செஸ் சேர்த்தால் ஏறத்தாழ ₹27,414. விற்பனைக்காகப் புரோக்கர் பிடித்த தரகும் சந்தைக் கட்டணமும் இருந்தால் அவற்றை ஆதாயத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். ஏழு லட்சத்தையும் இதர வருமானமாகக் காட்டியிருந்தால் இரண்டு லட்சத்துக்கு மேல் வரி வந்திருக்கும் என்பதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

இங்கே ஒரு நுட்பத்தைச் சொல்லாமல் போக முடியாது. புரோக்கர் அறிக்கையில் 2022 பங்குகளுக்கு எதிரே ஆதாயம் தலா 40 டாலர் என்று இருக்கிறது. அதை ₹83-ஆல் பெருக்கினால் ₹3,320 தான் வரும். நான் போட்ட கணக்கிலோ ₹4,120. இடையில் உள்ள ₹800 எங்கிருந்து வந்தது? 2022-இல் உங்கள் நிறுவனம் ஒரு டாலரை ₹75 என்று மதிப்பிட்டுப் பெர்க்விசிட் கணக்கிட்டது. விற்பனைக்கு நாம் எடுத்துக்கொண்ட விகிதத்தில் அதே டாலர் ₹83. முதல் 100 டாலரில் டாலருக்கு எட்டு ரூபாய் வீதம் ஏறிய மதிப்பும் உங்கள் ஆதாயமே. இந்தியாவில் வசிப்பவருக்கு வரி ரூபாயில்தான், அடக்கவிலையும் ரூபாயில் ஏற்கெனவே நிலைபெற்றுவிட்டது. டாலரில் வரும் ஆதாயத்தை நேரே ரூபாய்க்கு மாற்றிக் காட்டுவது நான் அதிகம் காணும் பிழை. டாலரில் நட்டமாகத் தெரியும் விற்பனை ரூபாயில் ஆதாயமாக மாறிவிடுவதும் உண்டு.

2025 மார்ச்சில் நிறுவனம் வரிக்காக விற்ற 20 பங்குகளையும் விட்டுவிடாதீர்கள். அவை உங்கள் பெயரில் வந்து உங்கள் பெயரிலேயே விற்கப்பட்டவை, அதுவும் இதே 2024-25 நிதியாண்டில். அடக்கவிலையும் விற்பனை விலையும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதால் சில நூறு ரூபாய் ஆதாயமோ நட்டமோதான் வரும், என்றாலும் அது ஒரு விற்பனை; கணக்கில் இடம்பெற வேண்டும். சில நிறுவனங்கள் விற்காமல், வரிக்கான பங்குகளைத் தாங்களே நிறுத்திக்கொண்டு மீதியை மட்டும் தருகின்றன. அங்கே விற்பனையே இல்லை. உங்கள் அறிக்கையில் அன்றைய தேதியிட்டு விற்பனை உறுதிச் சீட்டு இருக்கிறதா என்று பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.

கடிதத்தில் ஈவுத்தொகை பற்றி நீங்கள் எழுதவில்லை. ஆனால் அனுப்பிய அறிக்கையில் காலாண்டுக்கு ஒரு முறை சிறு தொகை வந்திருக்கிறது. நிதியாண்டு முழுவதற்கும் 60 டாலர். அதில் 15 டாலரை அமெரிக்க வரியாகப் பிடித்துக்கொண்டு 45 டாலரைக் கணக்கில் சேர்த்திருக்கிறார்கள். நீங்கள் காட்ட வேண்டியது 45 அல்ல, முழு 60 டாலர். இரு நாடுகளுக்கும் இடையிலான இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தப்படி தனிநபரின் ஈவுத்தொகைக்கு அமெரிக்கா 25 சதவீதம் வரை பிடிக்கலாம். அதற்குமேல் 30 சதவீதம் பிடித்திருந்தால், நீங்கள் அமெரிக்காவில் வசிப்பவர் அல்ல என்று புரோக்கரிடம் கொடுத்த டபிள்யூ-8பென் படிவம் காலாவதியாகியிருக்கிறது என்று பொருள். அங்கே கட்டிய வரியை இங்கே கழித்துக்கொள்ள ஃபார்ம் 67 தாக்கல் செய்து, ரிட்டர்னில் ஷெட்யூல் எஃப்எஸ்ஐ (வெளிநாட்டு வருமானம்), ஷெட்யூல் டிஆர் (வெளிநாட்டில் கட்டிய வரிக்கான கழிவு) ஆகிய இரண்டையும் நிரப்ப வேண்டும். ஏறக்குறைய ₹5,000 ஈவுத்தொகையில் உங்களுக்கு மிஞ்சும் வரி முந்நூறு ரூபாய் அளவே. தொகை சிறிது என்று விட்டுவிடாதீர்கள். அமெரிக்காவிலிருந்து வரும் தகவலில் ஈவுத்தொகையும் அடங்கும்.

இப்போது அந்தக் குறுஞ்செய்தி. இந்தியாவும் அமெரிக்காவும் 2015-இல் செய்துகொண்ட ஃபட்கா உடன்பாட்டின் வழியாக நிதிக் கணக்குத் தகவல்கள் பரிமாறப்படுகின்றன. அந்தத் தகவலை ரிட்டர்னோடு ஒப்பிட்டு, பொருந்தாதவர்களுக்கு நேரடி வரிகள் வாரியம் 2025 நவம்பர் 28 முதல் செய்தி அனுப்பி, டிசம்பர் 31-க்குள் திருத்திக்கொள்ளச் சொல்கிறது. 2024-லும் இப்படிச் செய்தார்கள். அப்போது 24,678 பேர் தங்கள் ரிட்டர்னைத் திருத்தி ₹29,208 கோடி வெளிநாட்டுச் சொத்தை வெளிப்படுத்தினார்கள். ஆக உங்களுக்கு வந்தது குற்றச்சாட்டு அல்ல, நினைவூட்டல். ஆனால் பதில் சொல்லாமல் இருந்துவிட்டால் அது நினைவூட்டலாகவே நின்றுவிடாது.

வெளிநாட்டுச் சொத்து உள்ளவர் ஐடிஆர்-1 தாக்கல் செய்யவே கூடாது. ஐடிஆர்-2 படிவத்தில் திருத்தப்பட்ட ரிட்டர்ன் தாக்கல் செய்யுங்கள். அதில் வெளிநாட்டுச் சொத்துக்கான ஷெட்யூல் எஃப்ஏ என்ற பகுதிதான் பலரையும் தடுமாற வைக்கிறது, காரணம் அது நிதியாண்டைப் பார்ப்பதில்லை. 2024 டிசம்பர் 31-இல் முடிந்த ஆங்கில ஆண்டைப் பார்க்கிறது. ஆகவே 2025 மார்ச்சில் வெஸ்ட் ஆன பங்குகள் உங்கள் ஃபார்ம் 16-இல் இருக்கும், ஷெட்யூல் எஃப்ஏ-வில் இந்த முறை இருக்காது. அவை அடுத்த ரிட்டர்னில் வரும். மாறாக, 2024 மார்ச்சில் வெஸ்ட் ஆன அன்றே விற்கப்பட்ட 20 பங்குகளும், நவம்பரில் விற்ற 60 பங்குகளும் அந்த ஆண்டுக்குள் உங்களிடம் இருந்தவை என்பதால் இதில் இடம்பெற வேண்டும். விற்றுவிட்டோமே, இப்போது சொத்தே இல்லையே என்ற வாதம் இங்கே செல்லாது. ஒவ்வொரு வெஸ்ட் தேதிக்கும் தனித்தனி வரி போட்டு, பங்கு வந்த நாளின் மதிப்பு, அந்த ஆண்டில் தொட்ட உச்ச மதிப்பு, டிசம்பர் 31 மதிப்பு, கிடைத்த ஈவுத்தொகை, விற்றுக் கிடைத்த தொகை ஆகியவற்றை ஏ3 அட்டவணையில் எழுதுங்கள். புரோக்கர் கணக்கை ஏ2 அட்டவணையில் எழுதுங்கள். இங்கே விதி 115-இன் விகிதம் அல்ல, பங்கு வந்த நாள், உச்ச நாள், டிசம்பர் 31 என்று அந்தந்த நாளின் டிடி வாங்கும் விகிதம். மூலதன ஆதாயப் பகுதியிலோ நிதியாண்டுதான்; அதிலும் 2024 ஜூலை 23-க்கு முன், பின் என்று இரண்டாகப் பிரித்துக் கேட்பார்கள். உங்கள் விற்பனைகள் எல்லாம் பின்பகுதியில் வரும்.

கறுப்புப் பணச் சட்டத்தில் பத்து லட்ச ரூபாய் அபராதம் உண்டு என்று கேள்விப்பட்டு நீங்கள் தூக்கமில்லாமல் இருப்பதாகக் கடிதத்தின் இறுதியில் எழுதியிருந்தீர்கள். வெளிநாட்டுச் சொத்தைக் காட்டாவிட்டால் ₹10 லட்சம் அபராதம் விதிக்க 2015-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடம் இருப்பது உண்மை. ஆனால் 2024 அக்டோபர் 1 முதல், அசையாச் சொத்து நீங்கலாக மொத்த மதிப்பு ₹20 லட்சத்தைத் தாண்டாதவர்களுக்கு அந்த அபராதம் இல்லை. உங்களிடம் இருந்த 80 பங்குகளும் சேர்ந்தே ஒன்பது லட்சத்துச் சொச்சம்தான். அபராதம் இல்லை என்பதால் காட்ட வேண்டிய கடமை இல்லாமல் போய்விடவில்லை; ஆனாலும் நீங்கள் இன்றிரவு நிம்மதியாகத் தூங்கலாம்.

கட்ட வேண்டிய தொகையில் வட்டியும் சேரும். டிடிஎஸ் போக மிஞ்சிய வரி ₹10,000-க்கு மேல் இருப்பதால் நீங்கள் முன்வரி (அட்வான்ஸ் டாக்ஸ்) கட்டியிருக்க வேண்டும். 234பி பிரிவின்படி ஏப்ரல் முதல் டிசம்பர் வரை ஒன்பது மாதத்துக்கு மாதம் ஒரு சதவீதம், ஏறக்குறைய ₹2,500. தவணை தவறியதற்கு 234சி பிரிவில் இன்னொரு ₹900 அளவு. அசல் ரிட்டர்னைக் கெடுவுக்குள் தாக்கல் செய்துவிட்டதால் தாமதக் கட்டணம் வராது.

இதற்கு முந்தைய ஆண்டுகளிலும் பங்குகள் இருந்திருக்கின்றன, ஈவுத்தொகையும் வந்திருக்கிறது. அவற்றைத் திருத்தும் காலம் கடந்துவிட்டது. ஐடிஆர்-யூ என்ற புதுப்பிக்கப்பட்ட ரிட்டர்ன்தான் வழி. அதைத் தாக்கல் செய்யக் கூடுதல் வரி இருந்தாக வேண்டும், ஈவுத்தொகையைக் காட்டவில்லை என்பதால் உங்களுக்கு அது இருக்கிறது. வரியும் வட்டியும் சேர்ந்த தொகையின் மேல் 2024-25 மதிப்பீட்டு ஆண்டுக்கு 2026 மார்ச் 31 வரை 25 சதவீதமும், 2023-24 மதிப்பீட்டு ஆண்டுக்கு அதே தேதி வரை 50 சதவீதமும் கூடுதலாகக் கட்ட வேண்டும். தொகை சில நூறுகள்தான் வரும். இந்த ஆண்டுத் திருத்தத்தை முடித்துவிட்டு, ஜனவரியில் அவற்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போதைக்கு மூன்று ஆண்டுகளின் ஃபார்ம் 12பிஏ, புரோக்கரின் வெஸ்ட் அறிக்கைகள், 2024 நவம்பர், 2025 மார்ச் விற்பனைச் சீட்டுகள், ஈவுத்தொகை அறிக்கை, அந்தந்தத் தேதிகளின் ஸ்டேட் வங்கி விகிதப் பட்டியல் ஆகியவற்றை ஒரே கோப்பில் சேருங்கள். மீதமுள்ள 20 பங்குகளையும் 2025-இல் வந்த 40 பங்குகளையும் பின்னால் விற்கும்போது இதே தாள்கள்தான் உங்கள் அடக்கவிலைக்குச் சான்று; வேலை மாறிய பிறகு பழைய நிறுவனத்திடம் இவற்றைக் கேட்டு வாங்குவது எளிதல்ல. முதலில் சுய மதிப்பீட்டு வரியைச் செலுத்தி, அந்தச் செலான் எண்ணை ஐடிஆர்-2-இல் ஏற்றி, ஃபார்ம் 67-ஐயும் அதோடு சேர்த்தே தாக்கல் செய்யுங்கள். தாக்கல் செய்த 30 நாட்களுக்குள் ஆதார் ஓடிபி மூலம் சரிபார்க்க வேண்டும். அன்றைக்கே செய்துவிடுவது நல்லது.